கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளையின் ஏதோவொரு குணத்தைத் திருத்தக்கூடிய புத்தகத்தின் பெயரைக் கேட்டிருந்தன. பெயர்ப் பட்டியல் தருவதை நான் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். கொழும்புக் கடைகளில் இந்த மாதம் கிடைக்கும் சிறுவர் நூல் அடுத்த மாதம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தெரிவு செய்யும் முறையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் மகனுக்கு நான்கு வயது. தங்கச்சி பிறந்து மூன்று மாதம் ஆகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் அவளைக் கிள்ளிவிடுகிறான். தங்கச்சிமீது பாசம் வரச் செய்யும் கதைப் புத்தகம் ஏதும் உண்டா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பாசம் வரச் செய்யும் புத்தகத்தைத் தேட வேண்டாம் என்றே சொல்வேன். அத்தகைய கதைகளில் மூத்த பிள்ளை முதற் பக்கத்தில் பொறாமைப்படும், பத்தாம் பக்கத்தில் தவறை உணரும், கடைசிப் பக்கத்தில் குழந்தையை முத்தமிடும். உங்கள் மகனுக்கு அந்தப் பத்தாம் பக்கம் இன்னும் வரவில்லை. ஆகவே, நல்ல பிள்ளை என்றால் இதற்குள் திருந்தியிருக்கும் என்பது மட்டுமே அவன் காதில் விழும்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். அங்கே ‘நீதி’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தால், அந்தப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். பிறகு பக்கங்களை எண்ணுங்கள். பெரிய தாளை மடித்து அச்சிடும் முறை காரணமாகப் படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. அவற்றுள் எத்தனை பக்கங்களில் மூத்த பிள்ளையின் துயரம், அதாவது மடி பறிபோன துயரம், திருத்தப்படாமல் அப்படியே இருக்க விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கங்களுக்குள் அதனை முடித்துவிடும் ஆசிரியர், பிள்ளையின் பக்கம் நின்று எழுதியவர் அல்லர்.

கதையில் வருவது முயலாகவோ யானைக்குட்டியாகவோ இருப்பது நல்லது. ‘இந்த யானைக்குட்டியும் உன்னைப் போலத்தானே?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒப்புமையை அவனே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்காமலும் போகலாம். கிள்ளிய உடனே புத்தகத்தை எடுக்கவும் கூடாது; எடுத்தால், அது தண்டனையின் இன்னொரு வடிவமாகிவிடும். குழந்தையை அம்மம்மாவிடமோ தந்தையிடமோ கொடுத்துவிட்டு, மகனை மடியில் இருத்தி வாசியுங்கள். உண்மையைச் சொன்னால், கதையைவிட அந்த மடிதான் அவனுக்குத் தேவைப்படுகிறது.

முன்பள்ளி வான் வந்தவுடன் மகள் அழத் தொடங்கிவிடுகிறாள். வாசலில் தினமும் போராட்டம்தான்.
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பெற்றோர் திரும்பி வருவதைப் படமாகவே காட்டும் புத்தகத்தைத் தெரிவு செய்யுங்கள். எழுத்தில் சொன்னால் மட்டும் போதாது. கடையில் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். வான், முன்பள்ளி வாசல், ஆசிரியை, சாப்பாட்டுப் பெட்டி, மணி, மீண்டும் வான், வீட்டு வாசலில் நிற்கும் நீங்கள் என ஏழு படங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்து, அச்சிட்டுத் தைத்துக் கொடுங்கள். இந்த வயதில் இதற்கு ஈடான புத்தகம் இல்லை.

அம்மம்மா காலமாகி இரண்டு மாதங்கள். முப்பத்தோராம் நாள் படையலைப் பார்த்த ஐந்து வயதுப் பேத்தி, ‘அம்மம்மா எப்ப வந்து சாப்பிடுவா?’ என்று கேட்டாள். மரணத்தைப் பற்றிய புத்தகம் வாசிக்கக் கொடுத்தால் பயந்துவிடுவாளா?
– வத்தளை வாசகர்

அவள் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 1948 இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மரணத்தை ஒரு பயணமாகவோ நித்திரையாகவோ, எப்படியோ திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே, எண்ணுவதைப் பதிவு செய்தார். பின்னர் வந்த ஆய்வுகளின்படி, திரும்பி வர முடியாது என்ற விளக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட வயதில் உருவாகிறது. உங்கள் பேத்தி அந்த வாசற்படியில் நிற்கிறாள்.

ஆகவே, ‘நித்திரையாகிவிட்டார்’, ‘தூரதேசம் போய்விட்டார்’ போன்ற சொற்கள் உள்ள நூல்களை ஒதுக்குங்கள். முதலாவதைக் கேட்ட பிள்ளை படுக்கைக்குப் போகவே அஞ்சக்கூடும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை காத்திருக்கும். இறந்தவரின் உடல் இனி இயங்காது, அவருக்குப் பசியோ வலியோ இல்லை என்பதை நேராகச் சொல்லும் நூலே வேண்டும். உங்கள் வீட்டுச் சமய நம்பிக்கையை அதற்குப் பிறகு நீங்கள் சேர்த்துச் சொல்லலாம். அதற்குப் பதிலாகச் சொல்லக் கூடாது. வாடிய செடி, இறந்த பறவை என்று தொடங்கும் கதைகள் நல்ல முதற்படி. வாசிக்கும்போது உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். மறைத்தால்தான் அவள் பயப்படுவாள்.

சர்வதேசப் பாடசாலையில் படிக்கும் மகனுக்கு ஆங்கிலப் புத்தகங்களே பிடிக்கின்றன. உணர்வுகளைப் பற்றிய நூல்களையும் ஆங்கிலத்திலேயே வாங்கலாமா?
– தெஹிவளை வாசகி

வாங்குங்கள், ஆனால் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள். பிள்ளை வீட்டில் அழுவதும் அடம்பிடிப்பதும் எந்த மொழியிலோ, அந்த மொழியில்தான் அவ்வுணர்வுகளுக்குப் பெயரும் இருக்க வேண்டும். நம்மிடம் எரிச்சல், ஆத்திரம், ஏக்கம், வெட்கம், மனத்தாங்கல் என்று எத்தனை இருக்கின்றன! ‘அந்தரமாய் இருக்கிறது’ என்று நாம் சொல்வதை ஒற்றை ஆங்கிலச் சொல்லில் அடக்க நான் முயன்று தோற்றிருக்கிறேன். பல பிள்ளைகளுக்குக் கோபம், கவலை என்ற இரண்டு சொற்களே தெரிவதால், எல்லாவற்றையும் அவற்றுள் திணித்துவிடுகிறார்கள்.

தமிழ் நூல்களை விலை கொடுத்து வாங்குமுன், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தை இணையத்தில் பாருங்கள். அங்கே தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகப் படிக்கலாம். அவற்றின் தமிழ் இந்தியத் தமிழ். ‘பாட்டி’ வரும் இடத்தில் தயங்காமல் ‘அம்மம்மா’ என்று மாற்றி வாசியுங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளையையும் அழைத்துச் சென்று, ஒரு நூலையாவது அவனே தெரிவு செய்ய விடுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியை எட்டாத மகள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.
– கொழும்பு 13

தன்னம்பிக்கைப் புத்தகம் வேண்டாம். தோற்றுப் பின்னர் வென்ற பெரியோரின் கதைகள், அவளுக்கு இன்னொரு பரீட்சையாகவே தோன்றும். அவள் விரும்பும் எதையாவது, சிரிப்புக் கதையோ துப்பறியும் கதையோ, படிக்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் படக்கதை நூல் சிறுபிள்ளைத்தனம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

பேச்சுக் குறைவுடன் நித்திரையும் சாப்பாடும் குழம்பி, அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், புத்தகத்தை நம்பியிருக்காமல் வைத்தியரை நாடுங்கள். பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலத்திற்கான பிரிவு உண்டு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். அழைக்கும்போது, மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்திருங்கள். அவர்கள் முதலில் அதைக் கேட்கக்கூடும்.