ஊஞ்சலிலிருந்து இறங்காத மகள்: சின்ன வயதில் குடிமைப் பண்பை எப்படிப் பழக்குவது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. மகளுக்கு நாட்டுக்கொடியின் நிறங்கள் தெரியும். தலைவர்கள் படத்தைக் காட்டினால் பெயர் சொல்வாள். ஆனால் பூங்காவில் ஊஞ்சலில் ஏறினால் இறங்க மாட்டாள். கையிலிருக்கும் காகிதத்தை நின்ற இடத்திலேயே போடுகிறாள். எடு என்றால், "இது நம்ம வீடு இல்லையே" என்கிறாள். நாலு பேரோடு சேர்ந்து வாழ்வது, பொது இடத்தை மதிப்பது இதையெல்லாம் இந்த வயதில் சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கே தொடங்குவது? நல்ல புத்தகம் ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 'என்னுது' நன்றாகத் தெரியும். 'அவனுது' என்பதும் இரண்டு மூன்று சண்டைக்குப் பிறகு புரிந்துவிடும். 'நம்மளுது' என்பதுதான் பிடிபடாது. எல்லாருக்கும் சொந்தமான பொருள் அவர்கள் கணக்கில் யாருக்கும் சொந்தமில்லாத பொருள். (பெரியவர்களிலும் பலருக்கு அப்படித்தான், அதை விடுங்கள்.) கொடியின் நிறம் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் அந்த அறிவு ஊஞ்சல் வரை வந்து சேராது.

பாலர் வகுப்பு எடுத்த காலத்தில் ஸ்கெட்ச் பேனாக்கள் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பேனாக்கள் மூடியோடு பத்திரமாக இருக்கும். வகுப்புக்கென்று வைத்திருந்த பெரிய டப்பாவிலோ பாதிப் பேனாக்கள் மூடியில்லாமல் காய்ந்து கிடக்கும். ஒருநாள் சூரியன் வரைய உட்கார்ந்தால் மஞ்சள் ஒன்றுகூட எழுதவில்லை. திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டு, "இதெல்லாம் யாரோட பேனா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யாரோடதும் இல்ல மிஸ்" என்றான் ஒருவன்.

சரி, இப்போது என்ன செய்யலாம் என்றதும் யோசனைகள் வந்து விழுந்தன. டப்பாவைப் பூட்டிவிடலாம். மூடியைத் தொலைத்தவர்களுக்கு இனிமேல் பேனாவே கிடையாது. (தண்டனையை முடிவு செய்யும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் நம்மைவிடக் கடுமையாகத்தான் சொல்வார்கள்.) ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றாள் ஒருத்தி. "அப்போ உங்கிட்ட பச்சை மட்டும்தான் இருக்கும்" என்று பக்கத்திலிருந்தவள் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது. கடைசியில், அதிகம் வாய் திறக்காத ஒரு சிறுமி ஒரு மூடியை எடுத்துப் பேனாவில் வைத்து அழுத்தினாள். 'டக்' என்றது. "டக் கேட்டாதான் டப்பாக்குள்ள போடணும்" என்றாள். அதுவே சட்டமானது. ஒரு வாரம் வகுப்பு முழுக்க டக் டக் என்று ஒரே சத்தம். அடுத்த வாரம் ஆர்வம் வடிந்தது, மறுபடி இரண்டு பேனா காய்ந்தது. மறுபடி உட்கார்ந்து பேசினோம். மதியம் ஒருவர் மூடிகளை எண்ணிப் பார்ப்பது என்று ஒரு வரி சேர்த்தோம். கூடிப் பேசி ஒரு விதி போடுவது, அது சொதப்புவது, மறுபடி உட்கார்ந்து திருத்துவது எல்லாம் நான்கு வயதில் இப்படித்தான் நடக்கும்.

வீட்டிலும் இப்படி ஒரு டப்பாவைத் தேடிப் பிடியுங்கள். டிவி ரிமோட்டாக இருக்கலாம், செருப்பு வைக்கும் இடமாக இருக்கலாம். உங்களைப் படுத்தும் பிரச்சினையை எடுக்காமல் பிள்ளைகளைப் படுத்தும் பிரச்சினையை எடுங்கள். பத்து நிமிடம் போதும். எடுத்த முடிவை மகளே படமாக வரைந்து ஒட்டட்டும். அது உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் மீறும்போது அவள் விரல் நீட்டினால், "ஆமாம், தப்புதான்" என்று சொல்லிவிட்டுச் சரிசெய்யுங்கள். எடுத்ததற்கெல்லாம் கைதூக்கும் ஓட்டெடுப்பு வைப்பது இந்த வயதில் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டு பேர் எப்போதும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். முடிந்தவரை பேசியே முடியுங்கள்.

எல்லாவற்றையும் பேச்சுக்கு விடவும் கூடாது. விதிகளில் இரண்டு வகை உண்டு என்பது பிள்ளைகளுக்கே தெரியும். 1970களிலிருந்து வளர்ச்சி உளவியலாளர்கள் இதைப் பல விதமாகச் சோதித்திருக்கிறார்கள். ஆசிரியர் சரி என்றால் பையை வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்பார்கள். ஆசிரியர் சரி என்றால் பக்கத்துப் பிள்ளையை அடிக்கலாமா என்று கேட்டால், நான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கூடாது என்பார்கள், ஏனென்றால் அவனுக்கு வலிக்கும். நாம்தான் இரண்டுக்கும் ஒரே குரலில் கத்தி அவர்களைக் குழப்புகிறோம். அடிப்பது, சாலையில் ஓடுவது, ஒருவரை ஒதுக்கிவைப்பது எல்லாம் பேரத்துக்கு வராதவை. செருப்பு எந்தப் பக்கம் என்பது பேசி முடிவெடுக்க வேண்டியது. காகிதம் போடுவது முதல் வகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் அதை யாரோ ஒருவர் குனிந்து எடுக்க வேண்டும். அந்த 'யாரோ'வை அவள் பார்த்ததில்லை, அதுதான் சிக்கல். ஒருநாள் காலையில் பூங்காவைப் பெருக்கும் நேரத்துக்கு அழைத்துப்போங்கள். உபதேசம் வேண்டாம். வணக்கம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும்.

ஊஞ்சலுக்கு வருவோம். பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று உங்கள் மகளுக்குத் தெரியாமல் இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று முதல் எட்டு வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் ஸ்டிக்கர்களை எப்படிப் பிரிப்பது சரி என்று கேட்டார்கள். சின்னவர்கள் உட்பட, சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். கையில் கொடுத்ததும் சின்னவர்கள் தங்களுக்கே அதிகம் வைத்துக்கொண்டார்கள். எப்படிப் பிரிப்பாய் என்று முன்கூட்டியே கேட்டபோதும் தங்களுக்குத்தான் அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள்! ஆகவே 'ஷேர் பண்ணும்மா' என்று நூறாவது முறை சொல்வதில் பலனில்லை. ஏறுவதற்கு முன்பே கணக்கைப் பேசிவிடுங்கள்: முப்பது ஆட்டம், அப்புறம் அடுத்தவர். எண்ணும் வேலையைக் காத்திருக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். காத்திருப்பவருக்கு ஒரு வேலை, ஆடுபவருக்கு ஒரு முடிவு. முப்பதுக்குப் பிறகும் இறங்காவிட்டால் வாதாடாதீர்கள், ஊஞ்சலை மெதுவாக நிறுத்தி இறக்கிவிடுங்கள். அழுவாள். இரண்டு மூன்று தடவை அழுவாள்.

அடுத்து, வேலை. நிஜமான வேலையாக இருக்க வேண்டும், அவள் செய்யாவிட்டால் யாருக்காவது குறை தெரிய வேண்டும். எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்புவது அப்படிப்பட்ட வேலை. நிரப்ப மறந்த நாளில் நீங்கள் ஓடிப்போய் நிரப்பாதீர்கள். தம்பி "தண்ணி இல்லையே" என்று கேட்கட்டும். இதற்கு நட்சத்திரம், சாக்லேட் எதுவும் வேண்டாம். 2008இல் இருபது மாதக் குழந்தைகளை வைத்து நடத்திய சோதனை ஒன்றில், உதவி செய்ததற்குப் பரிசு பெற்ற குழந்தைகள் பிறகு பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. அதேபோல, குப்பை பொறுக்குவதைத் தண்டனையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். தண்டனையாகச் செய்த வேலையைப் பிறகு யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. குறை சொல்லவும் கற்றுக்கொடுங்கள். பூங்காவில் சறுக்குமரத்தின் படி உடைந்திருந்தால், "ஐயோ, பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அதைப் பராமரிப்பது யார் என்று மகளோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். அவள் உடைந்த படியை வரையட்டும், அவள் சொல்லச் சொல்ல நீங்கள் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் இன்னொரு கடிதம். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சறுக்குமரத்தைப் பொறுத்தவரை உங்களைவிட அவளுக்குத்தான் அனுபவம் அதிகம்.

மூன்று வயது மகனுக்கு இவ்வளவு வேண்டாம். அக்கா செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய பாடம். இந்த வயதில் விதியைத் தான் மீறினாலும் மற்றவர் மீறினால் "அப்படி இல்ல!" என்று சண்டைக்கு வருவார்கள். கோள் சொல்கிறான் என்று அடக்காமல், "சரி, எப்படிச் செய்யணும்னு அக்காவுக்குக் காட்டு" என்று திருப்பிவிடுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்லப்போவதில்லை. நூலகத்துக்கு அழைத்துப்போய் மகளே ஒன்றை எடுக்கட்டும். தேதியைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் அவளுடையதாக இருக்கட்டும். நடுவில் ஒரு பக்கம் கிழிந்தால் வீட்டில் செலோடேப் ஒட்டாதீர்கள், நாளாக நாளாகப் பசை மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுத்துவிடும். கிழிந்தது கிழிந்தபடியே கொண்டுபோங்கள். "இது என் கையில கிழிஞ்சுபோச்சு" என்று நூலகரிடம் அவளே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், குறுக்கே பேச வேண்டாம்.