மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைக்கலாமா?

கேள்வி: அம்பத்தூரில் சொந்த வீடு. மொட்டை மாடியில் பைகளிலும் தொட்டிகளிலும் காய்கறி போட்டிருக்கிறேன். பூசணி, பாகல், சுரை மூன்றும் நன்றாகப் பூத்தும் பிஞ்சு வெம்பி விழுகிறது. கத்தரிப் பூவும் கொட்டுகிறது. நகரத்தில் அருகிவரும் பூச்சி, பறவைகளுக்கும் உதவியாக இருக்கட்டும் என்று தேனீ வளர்க்க ஆசை. தெரிந்தவர் ஒருவர் 4 இத்தாலியத் தேனீப் பெட்டிகள் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? சிறு பிள்ளைகள் இருக்கிற வீடு. (ஒரு வாசகி, சென்னை)

பதில்: வணக்கம் அம்மா. அந்த நான்கு பெட்டிகளையும் வாங்காதீர்கள். தேனீ வளர்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் மாடிக்கு நம் ஊர்த் தேனீயே போதும், அதிலும் ஒரே ஒரு பெட்டி. அதற்கு முன்னால் பூவுக்கு வழி செய்ய வேண்டும்.

இத்தாலியத் தேனீ 1960-களில் தேன் மகசூலுக்காக நம் நாட்டில் நிலைகொள்ள வைக்கப்பட்டது. நன்றாக வளர்ந்த ஒரு பெட்டியில் 40,000 ஈக்களுக்குக் குறையாது. சூரியகாந்தி, எள், கடுகு என்று ஏக்கர் கணக்கில் பூக்கிற இடத்தில் இறக்கி, பூ ஓய்ந்ததும் லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிற வளர்ப்பு அது. அம்பத்தூரில் நான்கு பெட்டிக்குப் பூ எங்கே இருக்கிறது? இருக்கிற கொஞ்சத்தையும் இவை உறிஞ்சிவிட்டால், அதை நம்பியிருக்கும் மற்ற ஈக்கள் பட்டினிதான். லண்டனில் மாடிக்கு மாடி பெட்டிகள் பெருகியதால் காட்டுத் தேனீக்களுக்கு இரை குறைகிறது என்று கியூ தாவரவியல் பூங்கா 2020-லேயே எச்சரித்தது. உயிரினங்களுக்கு உதவ நினைக்கும் நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

இப்போது உங்கள் செடிகளுக்கு வருவோம். எல்லாப் பூவுக்கும் தேனீ ஒன்றே மருந்தாகாது. பூசணியும் பாகலும் விடியலில் விரிபவை. பூசணிப் பூ முற்பகலிலேயே சுருங்கிவிடும். இவற்றுக்குத் தேனீ வந்தால் நல்ல பலன் தெரியும். சுரைப் பூ சாயங்காலம்தான் விரியும். அந்த நேரத்தில் தேனீ கூடு திரும்பியிருக்கும், சுரைக்கு அந்துப்பூச்சிதான் வர வேண்டும். அதுவரை பூசணிக்குக் காலை 7 மணிக்குள், சுரைக்குப் பொழுது சாய்ந்ததும், ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டுப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள்.

கத்தரியின் கதை வேறு. அதன் மகரந்தப் பை குழல் மாதிரி மூடியிருக்கும், நுனியில் ஊசித்துளை அளவே திறப்பு. பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைக்கும் ஈ வந்தால்தான் தூள் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கரிய தச்சுத் தேனீயும், வயிற்றில் நீல வரி ஓடும் சிறிய தனித்தேனீயும் அதைச் செய்யும். இவை கூட்டமாக வாழாதவை. தச்சுத் தேனீ காய்ந்த மூங்கிலிலும் மரத்திலும் குடையும், நீலவரித் தேனீ மண்ணில் வளை போடும். விரற்கடை அகலத் துளையுள்ள மூங்கில் துண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்கும்படி கட்டாகக் கட்டி, மழைச்சாரல் படாத சுவரில் மாட்டுங்கள். பழைய தொட்டி ஒன்றில் களிமண்ணை இறுக்கி நிரப்பிப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். ரோஜா இலை வட்டமாக நறுக்கப்பட்டிருந்தால் பயந்து மருந்தடிக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் குஞ்சறைக்கு மெத்தை எடுத்துப் போயிருக்கிறது. ஒன்று கவனியுங்கள், கத்தரியில் சூல்தண்டு (பூவின் நடுவில் மகரந்தம் ஏற்கும் தண்டு) குட்டையான பூக்கள் எப்படியும் உதிரத்தான் செய்யும்.

துளசி, முருங்கை, கறிவேப்பிலை இவற்றைப் பூக்க விடுங்கள். கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் விட்டு வையுங்கள். தெருவில் புங்கனும் வேம்பும் இருந்தால் பங்குனி, சித்திரையில் தேனீக்கு விருந்துதான். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட மாலையில் மட்டும் தெளியுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீடாக இருப்பதால் கொசுத் தேனீயில் தொடங்குவதே என் யோசனை. கொட்டாது. சுவர் வெடிப்பிலும் மின்மீட்டர் பெட்டியிலும்கூடக் குடியிருக்கும். வாசலில் பிசினால் செய்த சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் விளிம்பில் நாலைந்து காவல் ஈக்கள் தலை நீட்டி நிற்கும். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கூடு இருந்தால் உடைக்காமல் விட்டுவிடுங்கள், அதுவே பாதி வேலை. தேன் வருடத்துக்குச் சில நூறு கிராம்தான் கிடைக்கும்.

கொட்டினாலும் பரவாயில்லை, அடை வைத்த பெட்டிதான் வேண்டும் என்றால் இந்தியத் தேனீயை, அதற்கென்றே உள்ள ‘நியூட்டன்’ என்ற சிறிய மரப்பெட்டி ஒன்றில் வளருங்கள். தை மாதம் வையுங்கள். மழை ஓய்ந்து, வேம்பு பூப்பதற்குள் குடும்பம் பெருகிவிடும். நம் மாடிகளில் தேனீயைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில்தான். புழு வளர்க்கும் அடை 33 முதல் 35 டிகிரியில் இருக்க வேண்டும், சித்திரையில் மாடித் தளமோ கால் வைக்க முடியாமல் கொதிக்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், இடுப்பு உயரத் தாங்கியில், கீற்று வேய்ந்து வையுங்கள். தாங்கியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும், எறும்பு ஏறாது. வாசல் கிழக்கே பார்த்து, நீங்கள் துணி காயப்போடும் பக்கத்துக்கு விலகி இருக்க வேண்டும். மேலே கல் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள்.

பெட்டி வருவதற்கு முன்பே அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்துவிடுங்கள். ஒருமுறை பக்கத்து வீட்டு ஏசி தண்ணீருக்குப் பழகிவிட்டால் மாற்றுவது கடினம், சண்டையும் வரும். அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அங்கே யாருக்காவது கொட்டினால் மூச்சுத் திணறுமா என்றும் கேளுங்கள். இருந்தால் பெட்டி வேண்டாம். கொசுப்புகை அடிக்கும் மாலைகளில் ஈக்கள் அடைந்த பிறகு வாசலை ஈரத்துணியால் மூடி, புகை கலைந்த உடனே எடுத்துவிடுங்கள். நேரம் போனால் உள்ளே புழுங்கிச் செத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகு உள்ளே வைக்க வேண்டும். அந்த மாதங்களில் தேன் எடுக்கவே கூடாது.

வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அறைக்கு ஒரு முட்டை இருக்கிறதா, மூடிய புழு அறைகள் இடைவெளி இல்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அறைக்குள் புழு நிமிர்ந்து, தலை கூர்த்து, நீர் கோத்த பைபோல் செத்துக் கிடந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் என்கிற, புழுக்களைத் தாக்கும் வைரஸ். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்த நோய் இது. அப்படி ஒரு புழு கண்ணில் பட்டாலும் முன்பணம் போனால் போகட்டும் என்று திரும்பி வந்துவிடுங்கள்.