மோட்டாரே இல்லாம ஐரோப்பா கிராமத்து ஃபவுண்டன்ல எப்படி நாள் பூரா தண்ணி கொட்டுது?

ஊற்றுன்னா நிலத்தடி தண்ணி தானாவே வெளிய வர்ற இடம், அவ்ளோதான். மலை மேல பெய்யுற மழை, உருகுற பனி எல்லாம் பாறை வெடிப்பு வழியா இறங்கும், நடுவுல தண்ணி புகாத களிமண் அடுக்கு வந்துட்டா அதுக்கு கீழ போக முடியாம பக்கவாட்டுல நகர்ந்து சரிவுல எங்க வழி கிடைக்குதோ அங்க வெளிய வந்துரும். அதை குழாய்ல பிடிச்சு கீழ இருக்கற ஊருக்கு இறக்கிட்டா ஃபவுண்டன் ரெடி. மொட்டைமாடி டேங்க்ல இருந்து கிச்சன் குழாய்க்கு தண்ணி வர்ற மாதிரிதான், என்ன, இங்க டேங்கே மலைதான். ரோமுக்கு கிமு 19ல கட்டுன அக்வா விர்கோ கால்வாயும் வெறும் சரிவை நம்பி ஓடுனதுதான்.

பழைய ஊர்கள்ல கல் தொட்டி வரிசையா இருந்தா கவனிச்சு பாருங்க, பல இடத்துல முதல் தொட்டி மனுஷங்களுக்கு, அடுத்தது மாட்டுக்கு, கடைசிதான் துணி துவைக்க, செம பிளானிங்!

ஜில்லுன்னு தெளிவா ஓடுற தண்ணின்னா குடிக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, மேல மாடு மேஞ்சா கிருமி கண்ணுக்கு தெரியாமலே கலந்து வரும், அதனால இத்தாலில 'நோன் பொத்தாபிலே', ஜெர்மனில 'கைன் ட்ரிங்க்வாஸர்'னு (குடிக்கற தண்ணி இல்லைன்னு அர்த்தம்) போர்டு இருந்தா கை மட்டும் கழுவிக்குங்க.