வேலிச் செலவைக் கணக்கிட ஏக்கர் கணக்கு உதவாது

கேள்வி: ஒரு ஏக்கர் நிலத்தைச் சுற்றிக் கம்பிவலை வேலி போட வேண்டும். இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டதில், ஒருவர் சொன்ன தொகை இன்னொருவர் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு இருக்கிறது. இதில் எது சரி என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு பேர் சொன்னதுமே சரியாக இருக்கலாம். ஆளுக்கொரு வேலியை மனதில் வைத்து விலை சொல்லியிருப்பார்கள்.

முதலில் ஏக்கரை மறந்துவிடுங்கள். ஏக்கர் என்பது பரப்பு, வேலியோ விளிம்பில் ஓடுவது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஒரு ஏக்கர் 50 அடி அகலத்தில் நீளவாக்கில் கிடந்தால் 1,842 அடி, இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு ஏக்கர் சதுரத்துக்குச் சுற்றளவு 1,670 அடிதான். அதனால் பக்கத்து நிலத்துக்காரர் நான்கு ஏக்கருக்குச் செலவழித்த தொகையை நான்கால் வகுத்து உங்கள் செலவு என்று வைத்துக்கொண்டால் பாதியில் கை கடிக்கும். டேப்பைப் பிடித்து நான்கு பக்கத்தையும் அளந்துவிடுங்கள்.

உங்கள் நிலம் சதுரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தின் நடுவில் 12 அடி கேட். அதைக் கழித்தால் வேலி 823 அடி. தூணுக்குத் தூண் 10 அடிக்கு மிகாமல் நட்டால் 83 இடைவெளி, கேட்டின் இரு தூண்களையும் சேர்த்து 84 தூண். பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கம்பியை இழுத்துக் கட்டும்போது மூலைத் தூண்கள் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைத் தாங்க, சாய்வாக முட்டுக் கொடுக்கும் உதைகால் மூலைக்கு இரண்டு, கேட் தூணுக்கு ஒவ்வொன்று, கேட் இல்லாத மூன்று பக்கங்களிலும் நடுவில் இரண்டிரண்டு: ஆக 16. தூணும் உதைகாலும் சேர்ந்து 100, குழியும் 100. இடைவெளியை 8 அடியாகக் குறைத்தால் தூண் மட்டுமே 100-ஐத் தாண்டிவிடும். குறைந்த விலை சொன்னவரிடம் இதைத்தான் முதலில் கேட்பேன்: எத்தனை அடிக்கு ஒரு தூண், உதைகால் எத்தனை?

அடுத்தது குழி. 7 அடித் தூணில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். ஓரடிக்கு ஓரடி அகலக் குழி முழுக்கக் காங்கிரீட் போட்டால், தூண் அடைக்கும் இடம் போக 100 குழிக்கு ஏறக்குறைய 165 கன அடி பிடிக்கும். பாதிக் குழிக்கு மண்ணைத் தள்ளி மேலே மட்டும் காங்கிரீட்டைப் பூசினால் இந்தச் செலவு பாதியாகும். நட்ட அன்று யார் கண்ணுக்கும் தெரியாது, ஒரு நல்ல மழைக்குப் பிறகு தெரியும்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் ஒளிந்திருப்பது கம்பியில்தான். கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; அந்த எண் கூடக் கூடக் கம்பி மெலியும். கேஜ் அளவுமுறைகளும் ஒன்றுக்கு மேல் இருப்பதால் மில்லிமீட்டரில் கேளுங்கள். 2.64 மி.மீ. கம்பிக்கும் 3.25 மி.மீ. கம்பிக்கும் பார்வைக்குப் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் அதே நீளத்துக்கு எடை ஒன்றரை மடங்கு. வலைக் கண்ணை 3 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாகச் சிறிதாக்கினாலும் கம்பி அதே ஒன்றரை மடங்கு கூடும். நீங்கள் கேட்ட ஒன்றரை மடங்கு இங்கிருந்தே வந்திருக்கலாம். வலை 5 அடி உயரம் என்றால் 4,115 சதுர அடி. அதைத் தாங்கி நிற்க மேலேயும் நடுவிலும் கீழேயும் ஓடும் இழுவைக் கம்பி மூன்று வரிசைக்கு 2,469 அடி. இது விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகப் பூச்சு எவ்வளவு கனம் என்றும் எழுதி வாங்குங்கள். கம்பி எத்தனை ஆண்டு துருப்பிடிக்காமல் நிற்கும் என்பது அதைப் பொறுத்தது.

வலைக்குப் பதில் முள்கம்பி போதும் என்றால் ஐந்து வரிசைக்கு 4,115 அடி, முடிச்சுக்கும் வெட்டுக்கும் 5 சதவீதம் கூடுதல். இடைவெளிதோறும் பெருக்கல் குறிபோலக் குறுக்கே இழுத்தால் இன்னும் ஏறத்தாழ 1,790 அடி வேண்டும். இரண்டு வரிசைக்கும் மேல்! ஆடுமாடு நுழையாமல் இருப்பது மட்டும்தான் தேவை என்றால் வரிசையைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

கேட்டுக்குத் தனியாக விலை கேளுங்கள். லேசான சரிவு கணக்கை மாற்றாது. செங்குத்தான சரிவில் தரையோடு ஒட்டி டேப்பை வைத்து அளக்க வேண்டும். 30 டிகிரிச் சரிவில் நீளம் 15 சதவீதம் கூடும். பாறை நிலமா என்று அறிய நான்கைந்து இடத்தில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். பாறை தட்டினால் குழிக்கூலியைத் தனியாகப் பேசி முடித்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். எல்லையை முறைப்படி அளந்து குறித்த பிறகுதான் முதல் குழி. வேலியைப் பிடுங்கி நகர்த்தும் செலவு எந்த மதிப்பீட்டிலும் இருக்காது.

இப்போது தூண் இடைவெளி, உதைகால், குழி ஆழம், கம்பிக் கனம், வலைக் கண், கேட் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அதே தாளை இருவரிடமும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள்.