பிரசவ லீவு எடுத்தால் ஆய்வுக் காலமும் நிற்குமா?

கேள்வி: ஹட்டன் வலயப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பேராதனையில் பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறேன். குழந்தை பிறந்தபோது முழுச் சம்பளத்துடன் 84 நாளும் அரைச் சம்பளத்தில் 84 நாளும் லீவு எடுத்தேன். அந்த நாட்கள் ஆய்வுக் காலத்தில் சேராது என்றே நினைத்திருந்தேன். இப்போது, இன்னும் எட்டு மாதத்தில் பதிவுக்காலம் முடிகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்யலாம்? - வாசகி, கொட்டகலை

பதில்: அந்த நாட்கள் தானாகக் கழியாது, சகோதரி. அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின்படி நீங்கள் பெற்ற லீவு உங்கள் வேலைக்கு உரியது. பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் ஊழியரல்ல, பதிவு செய்த மாணவி. அங்கே காலம் நிற்க வேண்டுமானால் பதிவை ஒத்திவைக்கத் தனியாக விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

ஆனாலும் வழி அடைபடவில்லை. முதலில், நீங்கள் பதிவு செய்த ஆண்டில் நடைமுறையிலிருந்த ஒழுங்குவிதிகளைக் கேட்டு வாங்குங்கள். கல்வித் தகைமைகளின் தரங்களை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம் கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு முழுநேர ஆய்வு வேண்டும் என்கிறது. உச்ச காலத்தை வகுப்பது அந்தந்த நிறுவனத்தின் விதிதான். வேறு பீடத்தில் படித்த தோழி சொல்லும் கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பிறகு மேற்பார்வையாளர் ஊடாக ஒரே கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளை வையுங்கள்: பிரசவ காலத்தை ஒத்திவைப்பாக ஏற்கும்படி ஒன்று, அது முடியாதென்றால் கால நீடிப்புத் தரும்படி மற்றொன்று. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், லீவு அனுமதிக் கடிதம், இதுவரை கட்டிய பதிவுக் கட்டணப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். இடையில் ஓராண்டுக் கட்டணம் விடுபட்டிருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள்; பதிவு காலாவதியான ஒருவரின் நீடிப்புக் கோரிக்கை பெரும்பாலும் அதைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழகக் குழுவரை போகாது.

கடிதத்தின் உயிர் வேலைத்திட்டத்தில்தான் இருக்கிறது. 'விரைவில் முடிப்பேன்' என்று எழுதினால் குழுவுக்கு முடிவெடுக்க எதுவுமில்லை. எந்த அத்தியாயம் முடிந்தது, எதற்குத் தரவு போதவில்லை, எந்த மாதம் முழு வரைவை மேற்பார்வையாளரிடம் கொடுப்பீர்கள் என்று மாதவாரியாக எழுதுங்கள். கேட்கும் காலத்தையும் ஒரே தடவையில் போதுமான அளவு கேளுங்கள். மூன்று மாதம் கேட்டுவிட்டு மறுபடி போய் நிற்பவரின் திட்டத்தை அடுத்த முறை நம்புவது கடினம்.

எட்டு மாதம் இருக்கிறதே என்று ஆறப்போட வேண்டாம். குழு கூட வேண்டும், அதன் முடிவு பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்கும் போக வேண்டியிருக்கலாம். இந்த மாதமே கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் முகவரியாகப் பாடசாலையைக் கொடுப்பது நல்லது. தோட்ட அலுவலகம் வழியாக லயக் குடியிருப்புக்கு வரும் கடிதம் எத்தனை நாள் தங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

மாணவர்களிடமோ பெற்றோரிடமோ தரவு திரட்டுகிறீர்கள் என்றால் ஆய்வு நெறிமுறை அனுமதியின் திகதியையும் பாருங்கள். அது முடிந்திருந்தால், புதுப்பிக்கும்வரை ஒரு நேர்காணலும் எடுக்காதீர்கள்.