காலை எட்டு மணிக்கு நின்றுவிடுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கணவருக்கு பாங்காக்கில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் பிள்ளைகளோடு வரப் போகிறீர்கள். “அரசர் படத்தில் தெரியாமல் கால் பட்டால்கூட ஜெயில் என்கிறார்களே, உண்மையா? தேசிய கீதம் போட்டால் நடுவழியில் நிற்க வேண்டுமா? என் எட்டு வயதுப் பையன் பள்ளியில் தினமும் அந்த நாட்டுக் கீதத்தைப் பாட வேண்டுமாம், அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். நான் 2006 தொடக்கத்தில், கல்யாணமான கையோடு கும்பகோணத்திலிருந்து இங்கே வந்தவள். முதல் இரண்டு கேள்வியும் அன்றைக்கு எனக்கும் இருந்தன. மூன்றாவது, என் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது வந்தது. அதனால் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

முதலில் அந்த எட்டு மணி. வந்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சூரசாக் நிலையத்தில் பிடிஎஸ் என்னும் மேம்பால ரயிலைப் பிடிக்கப் படி ஏறிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. என் முன்னால் போன பெண் நின்றாள். பக்கத்தில் வந்தவர் நின்றார். மேலே நடைமேடையில் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரயில் போய்விடுமே என்று இடையில் இருந்த இடைவெளியில் புகுந்து ஏறினேன். அந்தப் பாட்டை விட்டால் நிலையம் முழுக்க என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதுகூட மேல் படிக்கு வந்த பிறகுதான் காதில் விழுந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. பள்ளிச் சீருடையில் நின்ற ஒரு சின்னப் பெண் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, எனக்காக அவள் கூச்சப்படுவது போலத் தலையைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கும் அந்தப் படியில் ஏறினால் அந்தப் பிள்ளை முகம்தான் நினைவுக்கு வருகிறது.

காலை 8 மணிக்குக் கொடியேற்றம், மாலை 6 மணிக்குக் கொடியிறக்கம். இரண்டு வேளையும் தேசிய கீதம் உண்டு. ரயில் நிலையம், பூங்கா, பஸ் நிலையம், அரசு அலுவலகம் என்று பொது இடங்களில் ஒலிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே நில்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எழுந்துகொள்ளுங்கள். போனில் பேசிக்கொண்டிருந்தால் இறக்குங்கள். கைகள் பக்கவாட்டில் இருந்தால் போதும், நெஞ்சில் வைக்க வேண்டாம், பாடவும் வேண்டாம். சுமார் ஒரு நிமிடம்தான். ஓடும் பஸ்ஸிலும் காரிலும் இருப்பவர்கள் யாரும் எழுந்து நிற்பதில்லை, வீட்டில் டிவியில் வந்தாலும் அப்படித்தான்.

இதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு நாள் மாலை லும்பினி பூங்காவுக்குப் போங்கள். வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருப்பவர்கள், சைக்கிளில் வருபவர்கள், குழந்தைக்குப் பால் புட்டி பிடித்திருக்கும் பாட்டி எல்லோரும் ஆறு மணிக்கு நிற்பார்கள். நான் முதலில் பார்த்த அன்று அந்த இடத்தில் அசைந்த ஒரே ஜீவன் ஏரிக்கரையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய உடும்புதான். பாட்டு முடிந்த நொடியில் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

பூங்கா வாசலில் ஆறாம் ராமர் எனப்படும் வச்சிராவுத் அரசரின் சிலை இருக்கிறது. இப்போதுள்ள மூவண்ணக் கொடி 1917 செப்டம்பர் 28 அன்று அவர் கொண்டு வந்தது. அதற்கு முன் சிவப்புத் துணியில் வெள்ளை யானைதான் கொடி. ஒரு முறை வெள்ளம் பாதித்த உதைத்தானி ஊருக்கு அவர் போனபோது, வரவேற்கக் கட்டியிருந்த கொடிகளில் ஒன்றில் யானை தலைகீழாகத் தொங்கியதாம். ஏழை ஜனங்கள் அன்போடு ஏற்றிய கொடி அவமானமாகிவிடக் கூடாது என்று, எப்படிப் பிடித்தாலும் தலைகீழாகாத கொடியை யோசித்தார் என்று சொல்வார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம், வெள்ளை, சிவப்பு. திருப்பிப் பாருங்கள், ஒன்றுதான். சிவப்பு நாட்டுக்கு, வெள்ளை சமயத்துக்கு, நடுவில் உள்ள நீலம் அரசருக்கு. கீதத்துக்கு மெட்டுப் போட்டவர் ப்ரா சென் துரியாங், தந்தை ஜெர்மானியர். மெட்டு 1932இல் வந்தது. இப்போதைய வரிகள் 1939இல், சயாம் என்ற பெயர் தாய்லாந்து ஆன அதே ஆண்டில்.

இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேசிய கீதம் வேறு, அரசர் கீதம் வேறு. சினிமாத் தியேட்டரில் விளம்பரம் எல்லாம் முடிந்து, படம் தொடங்கும் முன் அரசர் கீதம் வரும், திரையில் அரசர் படங்கள் ஓடும். அதற்கும் எழுந்து நிற்பதுதான் வழக்கம். நம் ஊரில் அந்தக் காலத்தில் படம் முடிந்ததும் ஜன கண மன போடுவார்களாம், பாதிப் பேர் அதற்குள் வாசலைத் தாண்டிவிடுவார்கள் என்று அப்பா வருத்தப்பட்டுச் சொல்வார். இங்கே இப்போது இளைஞர்களில் சிலர் எழுவதில்லை. அது அவர்கள் நாடு, அவர்கள் விவகாரம். அதில் நாம் ஒரு பக்கம் சேர வேண்டியதில்லை. நான் எழுந்து நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள்.

அடுத்தது உங்கள் பயம். அறியாமல் கால் பட்டதற்காக ஒருவரைப் பிடித்துப் போனார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சட்டம் கடுமையானது, அதில் சந்தேகமே வேண்டாம். குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவின்படி அரசர், அரசி, பட்டத்து இளவரசர், அரசப் பிரதிநிதி இவர்களை அவமதித்தாலோ அவதூறு பேசினாலோ மிரட்டினாலோ ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டுக்காரர் என்ற விலக்கும் கிடையாது. அரசர் படங்களில் கறுப்புப் பெயின்ட் அடித்த சுவிஸ் நாட்டவர் ஒருவருக்கு 2007இல் பத்து ஆண்டு தண்டனை விதித்தார்கள். பிறகு அரசரே மன்னித்தார், நாடு கடத்தப்பட்டார். எனவே அரச குடும்பத்தைப் பற்றிய கேலிப் படம், கிசுகிசு எதையும் பகிராதீர்கள், லைக் போடாதீர்கள். ஊரில் இருக்கும் சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாலும் அதை அழித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். தாய்லாந்துத் தோழியிடம் “உண்மையில் நீ என்ன நினைக்கிறாய்?” என்று தோண்டிக் கேட்காதீர்கள். பதில் சொல்லி மாட்டிக்கொள்ளப் போவது அவள்.

சட்டம் இவ்வளவுதான். தினசரி வாழ்க்கையில் வேண்டிய மரியாதையை எனக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ‘பா’ என்று கூப்பிடுவேன். தாய்லாந்து மொழியில் பெரியம்மாவுக்கு அதுதான் சொல். இங்கே சுண்டைக்காய் தாராளமாகக் கிடைக்கும், பச்சைக் குழம்பில் போடுவார்கள். அதை வாங்கி, மோரில் ஊறவைத்து, வற்றல் போடலாம் என்று பால்கனியில் பேப்பர் விரித்துக் காய வைத்திருந்தேன். பா வந்தார். குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் மண்டியிட்டு, ஒரு பக்கத்துக் காய்களைக் கையால் ஒதுக்கி, அடியில் இருந்த ஒரு தாளை மட்டும் உருவினார். அதில் அரசர் படம் இருந்தது. மோர் ஈரம் பட்ட இடத்தைப் புடவை முந்தானை போல இருந்த தன் மேல்துணியால் ஒற்றினார். படம் உள்பக்கம் வரும்படி மடித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, வேறு பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு காய்களைத் தானே பரப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, இதில் நமக்குப் புதிது எதுவும் இல்லை என்று. புத்தகத்தில் கால் பட்டால் நம் கை தானாகக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறதே, ரூபாய் நோட்டில் பட்டாலும் அப்படித்தானே? இங்கே எல்லா நோட்டிலும் நாணயத்திலும் அரசர் முகம் இருக்கிறது. நாணயம் உருண்டு ஓடினால் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள், ஓடட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் முன் கால் நீட்டாதே என்று நம் பாட்டி சொன்னதுதான் புத்தர் முன்பும் அரசர் படத்தின் முன்பும். காலை ஒரு பக்கமாக மடக்கி உட்காருங்கள். யார் தலையையும், குழந்தையே ஆனாலும், செல்லமாகத் தட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரு பட்டியலாகச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். “சாமி ரூமில் எப்படி இருப்பாய், அப்படி இரு” என்றால் அவர்களுக்குத் தெரியும்.

நான் வந்த அந்த 2006ஆம் ஆண்டின் ஜூன் மாதம், அப்போதைய அரசர் பூமிபோல் அரியணை ஏறி அறுபது ஆண்டு நிறைந்தது. ஊரே மஞ்சள் சட்டை. அவர் பிறந்தது திங்கட்கிழமை, திங்களின் நிறம் மஞ்சள். ஒவ்வொரு கிழமைக்கும் இங்கே ஒரு நிறம் உண்டு. இப்போதைய அரசரும் திங்கள் பிறந்தவர்தான். நடுவில் சில வருடம் மஞ்சளும் சிவப்பும் கட்சி நிறமாகி, எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சங்கடம் குறைந்துவிட்டது.

2016 அக்டோபர் 13 அன்று பூமிபோல் அரசர் மறைந்தார். எழுபது ஆண்டு அரசராக இருந்தவர். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கக் கறுப்பு. இரண்டே நாளில் கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது. பெரிய அண்டாவில் சாயம் காய்ச்சி, ஏழைகளின் சட்டையை இலவசமாகத் தோய்த்துக் கொடுத்தார்கள். என்னிடம் கறுப்பில் ஒரு துணிகூட இல்லை. நமக்குத் துக்கம் என்றால் வெள்ளைதானே. அம்மாவோ போனில், “சுமங்கலி, முழுக் கறுப்பு கட்டாதேடி” என்று அழாத குறை. நான் அம்மாவிடம் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினேன். பத்து வருடமாக இந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிடுகிறேன், பக்கத்து வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, நான் மட்டும் கலர் உடுத்திக்கொண்டு நடக்க மாட்டேன் என்றேன். பாவின் கறுப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அவரோடு அரண்மனைக்கு அருகே உள்ள சனாம் லுவாங் மைதானத்தில் அஞ்சலி வரிசையில் நின்றேன். எட்டு மணி நேரம். முன்பின் தெரியாதவர்கள் சோறும் தண்ணீரும் முகர்கிற மூலிகைக் குப்பியும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். “எந்த நாடு?” என்று ஒரு பாட்டி கேட்டார், சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அந்த ஒரு வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். 2025 அக்டோபரில் அவருடைய மனைவி சிரிகிட் ராணியம்மா மறைந்தபோது என் கறுப்புச் சட்டையை மறுபடி வெளியே எடுத்தேன். நீங்களும் பெட்டியில் சாதாரணக் கறுப்பு உடை ஒன்று ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பையன். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். இரண்டு பேர் கயிற்றை இழுப்பார்கள். பாட்டு முடியும்போது கொடி சரியாக உச்சியைத் தொட வேண்டும், முன்பின் ஆகக் கூடாது. என் மகளுக்கு ஒரு முறை அந்த வேலை கிடைத்தது. முதல் நாள் ராத்திரி வீட்டில் துணி காயப் போடும் கொடிக்கயிற்றில் துண்டைக் கட்டி, பாடிக்கொண்டே இழுத்துப் பழகினாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ‘ஒரு மாதிரி’ போய்விட்டது. அவள் ஆகஸ்ட் 15 அன்று எங்களோடு இந்தியத் தூதரகக் கொடியேற்றத்துக்கும் வருவாள், ஜன கண மன முழுக்கப் பாடுவாள். ஒன்றால் மற்றது குறைந்ததை நான் பார்த்ததில்லை. கொடியேற்றியதும் பல பள்ளிகளில் பௌத்தப் பிரார்த்தனை உண்டு. அதில் சேர விருப்பமில்லை என்றால் ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள், பையன் அமைதியாக நின்றால் போதும்.

பள்ளி தொடங்கிக் கொஞ்ச நாளில் ‘வாய் க்ரூ’ வரும். க்ரூ என்றால் குருதான். ஆசிரியர் காலடியில் பிள்ளைகள் வணங்கிப் பூத்தட்டு வைப்பார்கள். தட்டில் என்ன இருக்கும் தெரியுமா? இட்லிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல். இட்லிப்பூ மொட்டுப் போல அறிவு கூர்மையாக, பூத்த கத்தரி தலைகுனிவது போலப் பணிவாக, அருகு படர்வது போலத் தளராமல் இருக்க வேண்டுமாம். அன்றைக்கு நான் பள்ளி வாசலிலேயே அழுதுவிட்டேன். அம்மாவுக்கு போன் செய்து, “பிள்ளையார் சதுர்த்திக்குத் தேடுவோமே, அதே அருகம்புல்” என்றேன். நம் ஆட்கள் சிலர் ‘இந்த ஊர்ச் சடங்கில் நமக்கு என்ன சம்பந்தம்’ என்பார்கள். இந்த ஊரில் ‘பெரிய ஊஞ்சல்’ எனப்படும் உயரமான தூண்களின் பக்கம் அரசரின் பிராமணர்களுடைய கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே மார்கழி, தை மாதங்களில் நடக்கும் விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் உச்சரிப்பு மாறி நிற்கின்றன.

வந்த இரண்டு வாரத்தில் பையன் அந்தக் கீதத்தை மனப்பாடம் செய்துவிடுவான், உங்களுக்கு முன்னாலேயே. வீட்டில் பாடிக் காட்டுவான். அப்போது அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, எழுந்து நின்று கேளுங்கள். நாங்கள் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில்தான் இருக்கிறோம். வந்து சாமான் எல்லாம் இறக்கி வைத்ததும் சொல்லுங்கள், ஒரு மாலை லும்பினிக்குச் சேர்ந்தே போகலாம், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே.