பணவீக்கம் குறைந்தும் பில் ஏன் குறையவில்லை?

பணவீக்கம் குறைந்துவிட்டதாக அமைச்சர் சொல்கிறார், சூப்பர் மார்க்கெட் பில்லோ இறங்கவே இல்லை, யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். 100க்கு விற்ற பொருள் 20% ஏறி 120 ஆகிறது. அடுத்த ஆண்டு பணவீக்கம் 3% என்றால் விலை 123.60. ஏறும் வேகம்தான் தணிந்தது, விலை இறங்கவில்லை. ஆளுங்கட்சி 3 சதவீதத்தைக் காட்டும், எதிர்க்கட்சி இரண்டு ஆண்டுக்கும் சேர்த்த 23.6 சதவீதத்தைக் காட்டும். எந்த மாதத்திலிருந்து கணக்கு என்று முதலில் கேளுங்கள்.

உலகச் சந்தையில் உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் உச்சம் தொட்டு இறங்கியது. கடையில் நாம் கொடுக்கும் விலை அப்படி உடனே இறங்காது. அதில் கூலி, மின்சாரம், போக்குவரத்து, பேக்கிங் எல்லாம் சேர்ந்திருக்கிறது. போட்டி குறைந்த ஊரில் இன்னும் தாமதமாகும்.

பழைய பில்களை எடுத்து, வழக்கமாக வாங்கும் பத்துப் பொருளுக்கு மட்டும் விலையை எடையால் வகுத்து 100 கிராமுக்கு என்ன என்று குறியுங்கள். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் காய்கறி சீசன் கணக்கைக் குழப்பிவிடும். எடையைக் கட்டாயம் பாருங்கள்: அதே விலையில் 500 கிராம் பாக்கெட் 450 கிராமாகச் சுருங்கினால், அது சத்தமில்லாத 11% ஏற்றம்.